சர்வீஸில் இன்ஜின் ஓடிக்கொண்டே வண்டி நின்றால் என்ன கெடும்?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல வாட்டர்வாஷ் கடைகளில் உள்ளே வேக்குவம் போடும்போது ஏசிக்காக இன்ஜினை ஓடவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரம் என்றால் முக்கால் லிட்டர் பெட்ரோல் சும்மா போகும், அவ்வளவே.

நிஜமான தொல்லை சூடுதான். நிற்கும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது. ரேடியேட்டர் ஃபேன் ஒன்றே கதி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் தினம் போகும் வண்டியில் ரேடியேட்டர் இடுக்கெல்லாம் புழுதி அடைந்திருக்கும். ஃபேனும் சோர்ந்திருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்து, இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். பானெட் சூட்டில் பாலிஷ் சட்டென்று காய்ந்து திட்டு விழுவது தனிக்கதை.

பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டியில் இன்னொரு சிக்கல்: நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலில் புகைபோக்கி போதிய அளவு சூடேறாது, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பில் கரி சேரும். பிறகு நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் எரிந்துவிடும்.

ஓடவிட வேண்டிய வேலைகளும் உண்டு. ஆயில் மாற்றியதும் ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு, ஃபில்டர் அடியில் கசிவு பார்த்து, அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்ப்பது. கூலன்ட் மாற்றினால் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஏசி கேஸ் நிரப்புவது.

ஷட்டர் இறக்கிய ஷெட்டில் மட்டும் ஒரு நிமிஷம்கூட கூடாது. புகையில் வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. இன்ஜினை அணைத்தால் பேட்டரி இறங்கும் என்ற பயமா? வெளியிலிருந்து பேட்டரி சார்ஜரை மாட்டச் சொல்லுங்கள்.