ஈயக் கோட்டின் இடத்தில் ஒரு துணிப்பட்டை

வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைப் பார்க்கும்போது கண் முதலில் நிறங்களிடம் போனாலும், அந்தச் சித்திரத்தைத் தாங்கி நிற்பவை நிறங்களுக்கு இடையே ஓடும் கறுப்புக் கோடுகளே. அவை வரையப்பட்டவை அல்ல. இரு பக்கமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைகள். கண்ணாடித் துண்டுகளின் ஓரங்களை அந்தப் பள்ளங்களில் செருகி, பட்டைகள் கூடும் இடங்களைப் பற்றவைப்பார்கள். இதே தோற்றத்தைத் துணியில் கொண்டுவரும் குவில்ட்டில், அதாவது இரு துணிகளுக்கு இடையே பஞ்சு விரித்துச் சேர்த்துத் தைக்கும் விரிப்பில், ஈயத்தின் வேலையைச் செய்வது பயாஸ் டேப் என்னும், சாய்வாக வெட்டிய கால் அங்குல அகலத் துணிப்பட்டை. அதன் முதுகில் சூடுபட்டால் உருகும் பசையும், பசையை மூடிய மெல்லிய காகிதமும் இருக்கும். காகிதத்தை உரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுவரில் மாட்டுவதற்காக நான் தைத்தது கிளாஸ்கோ ரோஜா. கட்டடக் கலைஞர் சார்லஸ் ரெனி மெக்கின்டாஷின் பெயரோடு சேர்த்து அறியப்படும் வடிவம் அது. அவர் உருவாக்கி 1903-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் திறக்கப்பட்ட வில்லோ தேநீரகத்தின் கதவுகளில் ஈயக்கோடுகளால் இணைத்த கண்ணாடி வேலைப்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ரோஜாவின் பிறப்பிடம் துணி என்பார்கள். 1894-இல் கிளாஸ்கோ கலைப்பள்ளியில் பூத்தையல் வகுப்பைத் தொடங்கிய ஜெஸ்ஸி நியூபெரி, இளஞ்சிவப்பு லினன் துணியை ஏறத்தாழ வட்டமாக வெட்டி வைத்து, இதழ்களின் மடிப்புகளை, இழைகளை இடைவெளியின்றி நெருக்கி நிரப்பும் சாட்டின் தையல் கோடுகளால் காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே இந்த வடிவம் என்று சொல்லப்படுகிறது. இதைப் படித்த பிறகு வேறு எந்தப் பூவையும் தைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரோஜா முழுவதும் வளைவு என்பதால் பயாஸ் டேப்பைத் தவிர வேறு பட்டை இதற்கு ஒத்துவராது. நம் தையற்காரர்கள் கழுத்துப் பட்டிக்குக் கிராஸ் பீஸ் வெட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். துணியைப் பாவு இழையின் போக்கிலோ ஊடை இழையின் போக்கிலோ இழுத்தால் அது அதிகம் நீளாது. நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் இழுத்தால் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறித் துணி நீள்கிறது. அப்படிச் சாய்வாக வெட்டிய பட்டை, வளைவின் வெளிப்பக்கத்தில் நீண்டும் உட்பக்கத்தில் நெருங்கியும் சுருக்கமின்றிப் படிந்துவிடும்.

துணித் துண்டுகளுக்கு மடிப்புத் துணி விடத் தேவையில்லை. முழு அளவில் வரைந்த படத்தின் கோட்டிலேயே வெட்டி, அடித்துணியின் மேல் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ஒட்டினால் போதும். டேப்பின் அகலம் ஆறு மில்லிமீட்டர்தான் என்பதால், இரு துண்டுகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பதே பாதுகாப்பு. துணியைப் பொறுத்தவரை நெருக்கமான நெசவுள்ள, மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய பாத்திக் துணியையே நான் விரும்புகிறேன். அதன் நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருப்பது கண்ணாடியில் ஒளி தங்குவதைப் போலவே தெரிகிறது. சிறு பூப்போட்ட அச்சுத் துணிகள் அந்த மயக்கத்தைக் கலைத்துவிடுகின்றன.

உண்மையில் இந்த வேலை முழுவதும் டேப்பை ஒட்டும் வரிசையில்தான் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும் இரண்டு வெட்டு முனைகள் உண்டு. அந்த முனைகள் பிறகு வரும் இன்னொரு டேப்பின் அடியில் மறைய வேண்டும். ஆகவே, எந்தக் கோடு எந்தக் கோட்டில் போய் முட்டி நிற்கிறது என்று பார்த்து, முட்டும் கோட்டை முன்னும், அதைத் தாங்கும் கோட்டைப் பின்னும் ஒட்ட வேண்டும். முதல் முறை நான் இதை யோசிக்காமல் கைக்கு வசதியான வெளிவட்டத்திலிருந்து தொடங்கினேன். இதழ்களின் கோடுகள் வந்து சேர்ந்தபோது அவற்றின் முனைகளைச் செருக இடமே இல்லை; வட்டத்தின் பாதியைச் சூடுகாட்டிப் பிரித்ததில் அடியிலிருந்த இளஞ்சிவப்புத் துணியின் இழைகளும் பிய்ந்து வந்தன. இப்போது படத்திலேயே ஒவ்வொரு கோட்டுக்கும் எண் போட்டுவிடுகிறேன். இந்த ரோஜாவில் மொத்தம் இருபத்து மூன்று கோடுகள். நடுச்சுருளிலிருந்து எண்ணிக்கை தொடங்குகிறது. இதழ்க் கோடுகளின் ஒன்பது முனைகளை மூடிக்கொண்டு வெளிவட்டம் இருபத்து மூன்றாவதாக வருகிறது. அந்த வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தை மட்டும் மறைக்க வேறு டேப் இல்லாததால், முடியும் முனையை அரை அங்குலம் உள்ளே மடித்து, தொடக்கத்தின் மேல் படியவைத்து ஒட்டினேன்.

ஒட்டும்போது நீராவியை நிறுத்திவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் டேப் நீண்டு கோணிவிடும். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இதழ் கூர்மையாக முடியும் இடத்தில் முனைவரை ஒட்டி, சூடு ஆறியதும் டேப்பைத் தையல் பிரிப்பானின் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திருப்பினால், மடிப்பு தானாகவே ஒரு சிறு முக்கோணமாக உள்ளே அமரும். அதை விரலால் செய்ய முயன்றால் விரலும் சுடும், மடிப்பும் தடித்துப்போகும்.

பசை தற்காலிகப் பிடிப்புதான், துவைத்தால் தாங்காது. எனவே டேப்பின் இரு ஓரங்களையும் தைத்தே ஆக வேண்டும். நான்கு மில்லிமீட்டர் இரட்டை ஊசியைப் போட்டால் இரு ஓரமும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். நீண்ட, மெதுவான வளைவுகளுக்கு அது நல்ல வழி. ரோஜாவின் நடுச்சுருள் போன்ற இறுக்கமான வளைவுகளில் ஒற்றை ஊசியே எனக்கு நம்பிக்கையளிக்கிறது. அப்போது வளைவின் உள் ஓரத்தை முதலில் தைக்க வேண்டும். வெளி ஓரத்தை முதலில் தைத்தால், உட்பக்கத்தில் மிஞ்சும் துணி ஊசிக்கு முன்னால் குவிந்து சிறு சிறு கொசுவங்களாக நின்றுவிடும்.

மேல்துணி, பஞ்சு விரிப்பு, பின்துணி ஆகிய மூன்றையும் அடுக்கிய பிறகே நான் இந்தத் தையலைப் போட்டேன். டேப்பைப் பிடிக்கும் தையலே மூன்று அடுக்குகளையும் சேர்க்கும் குவில்ட் தையலாகவும் ஆகிவிட்டதால், தனியாக வேறு தையல் தேவைப்படவில்லை. பின்துணிக்கு வெள்ளைக் காடாவும் அடிநூல் சுற்றும் பாபினில் கறுப்பு நூலும் போட்டிருந்தேன். தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தபோது, வெள்ளைத் துணியில் இரட்டைக் கோடுகளால் ஆன ஒரு ரோஜா இடம் வலம் மாறிப் பூத்திருந்தது.