ஃபார்மட் அடித்தும் திரும்பி வந்த வைரஸ்

‘ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடும்’ என்பார்கள். மதுரையில் என் அக்கா வீட்டுக் கணினியில் அப்படிப் போகவில்லை. அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் ஏற்கெனவே சி டிரைவை ஃபார்மட் செய்து, விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான். பென் டிரைவில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆயின. பிரவுசரைத் திறந்தால் யாரும் கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வந்தது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே புதுப்பியுங்கள்’ என்று அறிவிப்புகள் வரிசை கட்டின.

மாமா சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். டேலி டேட்டா, ஜிஎஸ்டி தாக்கல் செய்த கோப்புகள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. “மாப்ள, என்ன வேணா பண்ணு, டேட்டா மட்டும் போயிடக் கூடாது” என்றார். அதனால் மறுபடி ஃபார்மட் என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, இது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். பிடிவாதமான வைரஸ் விஷயத்தில் அழிப்பது பாதி வேலைகூட இல்லை. அதைத் திரும்பக் கூட்டிவருவது எது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகிறது.

முதலில் லேன் ஒயரைக் கழற்றினேன். உள்ளே இருப்பது வெளியே எதையும் அனுப்பக் கூடாது, வெளியிலிருந்து புதிதாக எதையும் இறக்கிக்கொள்ளவும் கூடாது. அடுத்தது டேட்டா. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினால் அதுவும் கெட்டுவிடும். அதனால் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பென் டிரைவிலிருந்து கணினியை பூட் செய்தேன். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ‘ட்ரை உபுண்டு’ போதும். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. டேலி ஃபோல்டர், போட்டோக்கள், பிடிஎஃப்கள் ஆகியவற்றை மட்டும் நகல் எடுத்தேன். இஎக்ஸ்இ ஃபைல் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. டேட்டா பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் மாமா சாப்பிடவே எழுந்தார்.

இனி பென் டிரைவ் கதை. அக்கா மகள் கல்லூரி ப்ராஜெக்டை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது இதைத்தான். ஒரு காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ் 7-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வழியாக அதை நிறுத்தினார்கள். தானாக ஓட முடியாது என்றானதும், நம் கையாலேயே ஓட வைக்கும் வழிதான் இந்த ஷார்ட்கட். உண்மையான ஃபைலை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே ஐகானோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. ஐகானின் மூலையில் இருக்கும் குட்டி வளைந்த அம்பு மட்டும்தான் வித்தியாசம். அதை டபுள் கிளிக் செய்தால் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், உடனே நம் ஃபைலும் திறக்கும். வேலை நடந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அது வைரஸ் இல்லை, ஸ்கிரிப்ட்களை ஓட்டுவதற்காக விண்டோஸிலேயே இருப்பது. ஆனால் வீட்டுக் கணினியில் அது எந்நேரமும் ஓட ஒரு காரணமும் இல்லை. எண்ட் டாஸ்க் கொடுத்தேன், போய்விட்டது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி அங்கேயே இருந்தது.

இந்த இடத்தில்தான் ஆட்டோரன்ஸ் கைகொடுத்தது. விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று அது. 2006-இல் அந்தக் கருவிகளை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போதும் இலவசமாகத் தருகிறது. என் லேப்டாப்பில் இறக்கி, மெமரி கார்டு அடாப்டரில் போட்டு, வைரஸ் அதில் எதையும் எழுதிவிடாதபடி அதன் பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிட்டுக் கொண்டுபோனேன். கணினி தொடங்கும்போது எதெல்லாம் தானாக ஓடுகிறது என்பதை ஒன்றுவிடாமல் காட்டும். பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் தேர்வை டிக் செய்தால் கைக்கு அடங்கும் அளவுக்கு வந்துவிடும். வெளியீட்டாளர் கையொப்பம் இல்லாதவை இளஞ்சிவப்பாகத் தெரியும், ஃபைலே இல்லாமல் பதிவு மட்டும் மிஞ்சியிருப்பவை மஞ்சளாகத் தெரியும்.

லாகான் பகுதியில் ஓர் இளஞ்சிவப்பு வரி இருந்தது. ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட். அதை நீக்கினால் மட்டும் போதாது. ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பகுதியில், பிரவுசர் அப்டேட் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு வேலை உட்கார்ந்திருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லும் கட்டளை அதற்குள் இருந்தது. நான் எண்ட் டாஸ்க் கொடுத்ததும் அது திரும்பி வந்தது இப்படித்தான். முதலில் டாஸ்க்கை நீக்கி, அப்புறம் லாகான் வரியை நீக்கி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, கடைசியாக ஸ்கிரிப்டை அழித்தேன். இந்த வரிசை முக்கியம். ஃபைலை முதலில் அழித்தால், மிச்சமிருப்பது எங்கிருந்தாவது இன்னொரு நகலை எடுத்து வைத்துவிடலாம்.

சரி, இவ்வளவு பழைய வகை வைரஸை, விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டர் ஏன் பிடிக்கவில்லை? அதைத் திறந்து பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. அதாவது, இந்த டிரைவில் எதையும் சோதிக்காதே என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்ததில், ஆபீஸ் தொகுப்புக்கு லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் கிராக் ஒன்று கிடைத்தது. கடையில் ஃபார்மட் செய்து கொடுக்கும்போதே அதையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வகைக் கருவிகள் தாம் பிடிபடாமல் இருக்க ஆண்டிவைரஸின் கண்ணைக் கட்டிவிடுகின்றன. வீட்டை நன்றாகக் கழுவிவிட்டு, அதே சேற்றுக் காலோடு உள்ளே வந்த மாதிரிதான் அந்த ஃபார்மட். காசு வாங்கிக்கொண்டு, கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவரின் கணினியில் இப்படிச் செய்வது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

கிராக்கையும் அந்த ஆபீஸையும் நீக்கினேன், எக்ஸ்குளூஷனை அழித்தேன். பிறகு நெட்டை இணைத்து, டிஃபெண்டரின் புதிய வைரஸ் பட்டியலை இறக்கி, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுத்தேன். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸுக்குள் நுழையாமலேயே சோதிக்கும், சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸோடு சேர்ந்து எழுந்து ஒளிந்துகொள்ளும் வைரஸ்களுக்கு அங்கே ஓட இடமில்லை. அதன் பிறகு மால்வேர்பைட்ஸ், ஆட்வ்கிளீனர் என்ற வைரஸ் நீக்கும் கருவிகள் இரண்டையும் ஓட்டி மிச்சத்தைத் துடைத்தேன். இவற்றை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடவே வேண்டாம்.

பிரவுசர் இன்னும் திருந்தவில்லை. குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி இருந்தது. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? அலுவலகங்களில் ஊழியர்களின் பிரவுசரைக் கட்டுப்படுத்த இருக்கும் பாலிசி வசதியை வைரஸ் கையில் எடுத்துக்கொண்டு, பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிப் புரோகிராமான ஓர் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாகப் போட்டிருக்கிறது. அதனால்தான் அதற்கு ‘ரிமூவ்’ பொத்தான் வேலை செய்யவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், பாலிசிஸ் என்பதற்குள், கூகுள், குரோம் என்று போனால் அந்தப் பதிவு இருக்கும். லோக்கல் மெஷின், கரண்ட் யூசர் இரண்டு பக்கமும் பார்த்து, பேக்கப் எடுத்துக்கொண்டு நீக்கினேன். எக்ஸ்டென்ஷன்களைக் கூகுள் கணக்கில் சேமித்துத் திரும்பக் கொண்டுவரும் ‘சிங்க்’ வசதியை அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் அந்த வழியாகவும் திரும்பி வரும். அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே அந்த வரி உண்மையாகவே இருக்கும்.

மூலையில் வந்துகொண்டிருந்த பயமுறுத்தல்கள் வைரஸே இல்லை. ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு தளம் வாங்கிக்கொண்ட அனுமதி. குரோமின் நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில் அந்தத் தளங்களை நீக்கியதும் நின்றுவிட்டன. அக்கா அதிகம் பயந்தது இவற்றுக்குத்தான்.

அடுத்து பாஸ்வேர்டுகள். தகவல் திருடும் ஸ்பைவேர் இருந்திருக்கக்கூடிய கணினி என்றால், அதில் சேமித்தவை எல்லாம் வெளியே போயிருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. மாமாவின் மெயில், வங்கி, ஜிஎஸ்டி கணக்குகள் எல்லாவற்றுக்கும் அவருடைய போனிலிருந்து புது பாஸ்வேர்டு வைத்தோம். மெயிலில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுத்தோம். நாம் லாகின் செய்ததை நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடியவனுக்கு பாஸ்வேர்டே தேவைப்படாது என்பதால் இதை விடக் கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருப்போம்.

வீட்டில் இருந்த பென் டிரைவ்களை எல்லாம் மேசை மேல் கொட்டச் சொன்னேன். அலமாரியிலிருந்து, கல்லூரிப் பையிலிருந்து, டிவியின் பின்னாலிருந்து என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் கமாண்ட் பிராம்ப்ட்டில் அட்ரிப் கட்டளையை ஓட்டி, மறைந்திருந்த ஃபைல்களை வெளியே கொண்டுவந்து, நகல் எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தேன். டி டிரைவிலும் இதே மாதிரி ஷார்ட்கட்கள் கிடந்தன. கடையில் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து டி-யைத் தொடாமல் விட்டது வைரஸுக்கு வசதியாகப் போயிருந்தது.

இனி இப்படிப்பட்ட விபிஎஸ் ஸ்கிரிப்ட்கள் ஓடாதபடி, அவற்றை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டையே ரெஜிஸ்ட்ரியில் அணைத்துவிட்டேன். விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்டே 2023-இல் சொல்லிவிட்டது. டேலி வழக்கம்போல் ஓடுகிறது, மாமாவின் வேலை எதுவும் நிற்கவில்லை. ஆபீஸுக்குப் பதில் இலவசமான லிப்ரே ஆபீஸ் போட்டேன். அக்கா மகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. ப்ராஜெக்டை இனி பிடிஎஃப்பாக ஜெராக்ஸ் கடைக்கு மெயில் அனுப்பிவிடுவாள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், 2026 அக்டோபர் வரை வரும் நீட்டிப்பு அப்டேட்களுக்கும் பதிவு செய்தோம்.

கடைசியாக, சுத்தமான நிலையில் ஆட்டோரன்ஸ் பட்டியலை ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அதில் ‘கம்பேர்’ என்று ஒன்று உண்டு. சேமித்த பட்டியலோடு ஒப்பிட்டு, புதிதாக வந்ததைப் பச்சையில் காட்டும். அதை ஓட்டுவது எப்படி என்று மாமாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். மாதக் கணக்கை முடித்ததும் அவரே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். பச்சையாக ஏதாவது வந்தால் உடனே போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். இதுவரை வந்தது பிரிண்டர் டிரைவர் மட்டும்தான்.