மீதி ரெண்டு ராஜா யாருல?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. புரட்டாசி சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணி. பதினொண்ணாம் வகுப்புப் பையன் "ஃபைவ் கிங்டம், ஃபைவ் கிங்டம்" என்று உருப்போட்டுக்கொண்டிருக்கிறான். ஈஸிச்சேரில் கிடந்த தாத்தாவின் காதில் 'கிங்டம்' மட்டும்தான் விழுந்தது.

"ஏல, சேரன், சோழன், பாண்டியன். மூணுதாம்ல. மீதி ரெண்டு ராஜா யாருல?"

"மொனிரா, புரோட்டிஸ்டா, ஃபங்கை, பிளாண்டே, அனிமேலியா தாத்தா."

"எந்த ஊர்க்காரனுவ?"

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இந்த வம்பே கிடையாது. உயிர்களை ஐந்து கூட்டமாகப் பிரிக்கும் இதற்கு அவர்கள் புத்தகத்தில் 'ஐந்துலக வகைப்பாடு' என்று பேர், ராஜா எவரும் எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் 1735-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி லத்தீனில் வைத்த பேர் 'ரெக்னம்', அதாவது ராஜ்யமேதான். விலங்கு, தாவரம், கனிமம் என்று அவரிடமும் மூன்றுதான் இருந்தன. ஆக, தாத்தா சொன்ன கணக்கு அந்தக் காலத்துக்குச் சரி. 1866-ல் எக்கெல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி புரோட்டிஸ்டாவைச் சேர்த்தார், 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி உயிர்களை மட்டும் எடுத்து ஐந்தாக்கினார்.

தாத்தாவுக்கு அதற்குள் வேறு கணக்கு கிடைத்துவிட்டது. "அஞ்சா? பாண்டியனுக்கே பஞ்சவன்னு ஒரு பேரு உண்டும்ல. மார்க்கோ போலோ வந்தப்ப அண்ணந்தம்பி அஞ்சு பேரு இங்க முடிசூடி ஆண்டதா எழுதி வச்சிருக்கான். அதை எழுது, மார்க்கு விழும்."

விழாது. விழ வேண்டுமானால் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலில், செல்லுக்குள் உட்கரு உண்டா? இல்லையென்றால் மொனிரா, பேச்சே கிடையாது. வயலில் மிதக்கும் நீலப்பசும்பாசியை, பேரில் பாசி இருக்கிறதே என்று தாவரத்தில் எழுதி மார்க்கைத் தொலைப்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. உட்கரு இருந்து, ஒற்றைச் செல்லாகவும் இருந்தால் பெரும்பாலும் புரோட்டிஸ்டா. அதையும் தாண்டினால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும்: தானே சமைத்தால் தாவரம், விழுங்கினால் விலங்கு, வெளியிலேயே கரைத்து உறிஞ்சினால் பூஞ்சை. அந்த 'பெரும்பாலும்' எதற்கென்றால், ஈஸ்டுக்காக. ஒற்றைச் செல்தான், ஆனாலும் பூஞ்சை. பாதிப்பேர் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

"அங்கன என்ன ராஜா கதை? இங்க மாவு பொங்கி வழியுது!" அடுக்களையிலிருந்து ஆச்சி.

மத்தியானம் ஆட்டி வைத்த இட்லி மாவு. அரிசியும் உளுந்தும் தாவரம். பொங்க வைத்தது, உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வந்த லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் கரியமில வாயு. அது மொனிரா. கூடவே கொஞ்சம் ஈஸ்டும் இருக்கும். ஒரே பாத்திரத்தில் மூன்று ராஜ்யம். பையன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்பில் காளான் வதங்குவதைப் பார்த்துவிட்டான்.

"ஆச்சி, காளான் செடி கெடயாது தெரியும்லா? நண்டு ஓட்டுல இருக்க கைட்டின்தான் அதோட செல்சுவர்லயும் இருக்கு. மாவுச்சத்து சேக்காது, நம்ம ஈரல் மாதிரி கிளைகோஜன்தான் சேக்கும். செடியவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்."

ஆச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். புரட்டாசிச் சனியில் நண்டுக்குச் சொந்தக்காரனா? சட்டியை அப்படியே கொல்லைக்குத் தூக்கப் போனவளைத் தாத்தாதான் மறித்தார். காளான் என்றால் அவருக்கு உயிர்.

"ஏட்டி, நில்லு. நம்மூரு பாண்டி நாட்டுல இருந்துச்சு. சோழன் வந்தான். 'ராஜராஜப் பாண்டி நாட்டு முடிகொண்டசோழ வளநாட்டுக் கீழ்வேம்ப நாட்டுத் திருநெல்வேலி'ன்னு கல்லுல வெட்டுனான். ஊரு ஒரு அடி நகந்துச்சா? தாமிரபரணி திரும்பி ஓடுச்சா? பேருதான மாறிச்சு. காளானும் அப்பிடித்தான். எவனோ 1969-ல பட்டா மாத்துனதுக்கு நீ ஏன் சட்டிய எறக்குத?"

சொன்னது முழுக்கச் சரி. காளானை யாரும் தோண்டி வேறிடத்தில் நடவில்லை, தாவர உலகத்திலிருந்து எழுதி எடுத்துத் தனி உலகத்தில் வைத்ததோடு சரி. ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள், மிளகு மட்டும் கூடுதலாக விழுந்தது.

பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தாத்தா, இப்பம் அஞ்சு இல்ல, ஆறுங்காவ. 1977-ல ஊஸ்னு ஒரு விஞ்ஞானி, மொனிராவுல இருந்த ஆர்க்கிபாக்டீரியாங்கிற கூட்டத்தைத் தனியாப் பிரிச்சுட்டாரு."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறாவது எவம்ல? பல்லவனா?"