மெட்டீரியல் யூஐ டைப்போகிராஃபியில் தமிழ்: என் பறவைக் குறிப்பேடு இதுவரை

பார்க்கும் பறவைகளைக் குறித்து வைக்க ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒரு சின்ன இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். பட்டியலும் படங்களும் ஓரளவு வந்துவிட்டதால் இந்த முறை எழுத்துகளோடு மட்டும் உட்கார்ந்தேன். அதற்கு மெட்டீரியல் யூஐ என்ற ஆயத்தக் கம்போனன்ட் (பக்கத்தின் பாகங்கள்) தொகுப்பைப் பயன்படுத்துவதால் தலைப்பு, பத்தி, பொடிக் குறிப்பு எல்லாமே அதன் டைப்போகிராஃபி கம்போனன்ட் வழியாகத்தான் போகின்றன. ஆங்கிலத் தளம் என்றால் இதில் சொல்ல ஒன்றுமில்லை, போட்டதுமே பார்க்க நன்றாக இருக்கும். தமிழில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் அது எந்த எச்டிஎம்எல் டேகாக (தலைப்பா, பத்தியா என்று உலாவிக்குச் சொல்லும் குறி) வேண்டும் என்பதையும் இதில் பிரித்து வைத்திருப்பது. முதலாவதை வேரியன்ட் என்ற ப்ராப் (கம்போனன்ட்டுக்குக் கொடுக்கும் அமைப்பு) பார்த்துக்கொள்கிறது, இரண்டாவதைக் கம்போனன்ட் என்ற ப்ராப். முதன்மைத் தலைப்புக்கான எச்1 வேரியன்ட்டின் இயல்பு அளவு 6 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல 6 மடங்கு), அதாவது 96 பிக்சல். அந்த அளவில் 'நீலத்தாழைக்கோழி' என்று போட்டுக் கைபேசியில் திறந்தால் பாதிப் பறவை திரைக்கு வெளியே நிற்கிறது. ரெஸ்பான்சிவ் ஃபான்ட் சைசஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, அதில் நம் தீம் (தளம் முழுவதற்குமான தோற்ற அமைப்பு) ஒன்றைக் கொடுத்தால் சின்னத் திரையில் எச்1 3.5 ரெம்முக்கு இறங்கும், அப்போதும் போதவில்லை, ஏனென்றால் ஒரே சொல், நடுவில் உடைய இடமே இல்லை. கடைசியில் வேரியன்ட் எச்5, கம்போனன்ட் எச்1 என்று வைத்துவிட்டேன். ஸ்கிரீன் ரீடருக்கு அது முதன்மைத் தலைப்பு, கண்ணுக்கு 24 பிக்சல்.

இதே பிரிப்பு ஓரிடத்தில் உறுத்துகிறது. சப்டைட்டில்1, சப்டைட்டில்2 இரண்டும் எதுவும் சொல்லாவிட்டால் எச்6 டேகாக வரும். பறவைப் பெயருக்குக் கீழே வாழிடத்தைச் சப்டைட்டிலில் போட்டிருந்தேன், பக்கத்தின் தலைப்பு வரிசையில் 'சதுப்பு நிலம்' எல்லாம் தலைப்பாக உட்கார்ந்திருந்தது. தீமில் வேரியன்ட் மேப்பிங்கில் (எந்த வேரியன்ட் எந்த டேக் என்ற பட்டியல்) அந்த இரண்டை மட்டும் பத்திக்கான பி டேகுக்கு மாற்றினால் போதும், மற்றவை பழையபடியே இருக்கும். அப்புறம், சாதாரணப் பத்திக்கான பாடி1 தானே பி டேக் என்பதால் அதற்குள் சிப் (சின்ன வில்லை போன்ற கம்போனன்ட்) வைத்தால் பி டேகுக்குள் டிவ் (பொதுவான பெட்டி டேக்) வரக்கூடாது என்று உலாவியின் கன்சோல் கத்தும். அங்கே கம்போனன்ட்டை டிவ் ஆக்கினால் அடங்கிவிடுகிறது.

சரி, ஃபான்ட். இயல்பாக வருவது ரோபோட்டோ, அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று அந்தந்தக் கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டும். நான் முக்தா மலர் என்ற தமிழ் ஃபான்ட்டை ஃபான்ட்சோர்ஸ் (ஃபான்ட்களைப் பேக்கேஜாகத் தரும் திட்டம்) வழியாகச் சேர்த்துத் தீமின் ஃபான்ட் ஃபேமிலியில் முதலில் வைத்தேன், அதில் லத்தீன் எழுத்தும் இருக்கிறது. மாற்றியதும் எழுத்துகளின் இடைவெளி வேறு மாதிரி தெரிந்தது. சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தால், லெட்டர் ஸ்பேசிங் மதிப்புகள் ரோபோட்டோவுக்காக அமைத்தவை, ஃபான்ட் ஃபேமிலி இயல்பானதாக இருந்தால் மட்டுமே அவை சேரும். எச்1-க்கு மைனஸ் 0.01562 எம் (எழுத்தின் அளவே ஒரு எம்) நெருக்கம் எல்லாம் தமிழுக்குத் தேவையே இல்லை, தானாக உதிர்ந்தது நல்லதுதான்.

ஆனால் இதில் ஓவர்லைன் (தலைப்புக்கு மேலே போடும் பொடி வரி) வேரியன்ட் பாவம். சின்ன எழுத்து, எல்லாம் கேபிடல், நல்ல இடைவெளி, இதுதான் அதன் அழகு. தமிழில் கேபிடல் கிடையாது, ஃபான்ட்டை மாற்றியதில் இடைவெளியும் போயிற்று, மிஞ்சியது பொடிக் குறிப்புக்கான கேப்ஷன் வேரியன்ட்டைப் போலவே 0.75 ரெம் எழுத்தும், தனக்கே உரிய 2.66 லைன் ஹைட்டும் (வரி உயரம்)தான், ஏதோ காரணமில்லாமல் மேலும் கீழும் காலியிடம் விட்ட கேப்ஷன் மாதிரி. அதைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கேப்ஷனையே 600 தடிமனில் நிறம் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

லைன் ஹைட்டில்தான் நிறைய நேரம் போனது. எச்3-க்கு 1.167. ஆங்கிலத் தலைப்புக்கு அது கச்சிதம், தமிழிலோ மேலே சுழி, கீழே கால். 'மீன்கொத்திகள்' என்ற பிரிவுத் தலைப்புக்கு நோராப் (ஒரே வரியில் நிறுத்தும் ப்ராப்) கொடுத்தேன், அது ஓவர்ஃப்ளோவை (பெட்டிக்கு வெளியே வழிவதை) மறைத்துவிடுவதால் 'மீ'யின் மேல்சுழி லேசாகச் சீவப்பட்டது. எல்லாத் தலைப்பு வேரியன்ட்டுக்கும் தீமிலேயே 1.5, பாடி1-க்கு 1.75 என்று வைத்தேன். ஒவ்வோர் இடத்திலும் எஸ்எக்ஸ் ப்ராப்பில் (அந்த ஓரிடத்துக்கு மட்டும் ஸ்டைல் கொடுப்பது) ஒட்டுப்போடுவதைவிட இதுதான் நிம்மதி.

அறிவியல் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடுவது வழக்கம். முக்தா மலரில் சாய்வு இல்லை, உலாவி தானே இழுத்துச் சாய்க்கும், அது பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அறிவியல் பெயருக்கென்று தனி வேரியன்ட் ஒன்றைத் தீமில் எழுதினேன்: ரோபோட்டோ, சாய்வு, 0.875 ரெம். ஜாவாஸ்கிரிப்ட்டில் இது நேராக வேலை செய்யும், டைப் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட்டில் டைப்களையும் நீட்டிச் சொல்ல வேண்டும். மேப்பிங் கொடுக்காவிட்டால் ஸ்பான் டேகாக (வரிக்குள்ளேயே அடங்கும் டேக்) வரும், பெயருக்கு அதுவே சரி என்று விட்டுவிட்டேன். ரோபோட்டோவின் சாய்வுக் கோப்பைத் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் உலாவி தன் கைவரிசையைக் காட்டும்.