40 மீட்டர் பைப்பில் காணாமல்போன அழுத்தம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீடு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற நீள வீடு. தண்ணீர்த் தொட்டி முகப்புப் பக்கம். வளவையும் (தூண்கள் சூழ்ந்த நடுமுற்றப் பகுதி) இரண்டாங்கட்டையும் (அதற்குப் பின்னுள்ள பகுதி) தாண்டி அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீருக்குத் தெம்பு போய்விடும். "முந்தியெல்லாம் நல்லா விழுகும்டா, இப்பத்தான் இப்புடி நூல் மாதிரி வருது" என்பார் அப்பத்தா. குழாய் ஓட்டத்தின் உராய்வைக் கணக்குப் போட்டு, அதை நிஜக் குழாயோடு ஒப்பிட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அந்த 'முந்தி'க்கும் 'இப்ப'வுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எண்ணிலேயே கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் அளவு. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்றை நேர் பைப் தொடங்குகிற இடத்தில் மாட்டி, வளவுத் தூணோடு சேர்த்துக் கட்டினேன். இன்னொன்றை அடுப்படிக் குழாய்க்குச் சற்று முன்னால் மாட்டிச் சுவரோடு நிறுத்தினேன். எல்லாக் குழாயையும் மூடிவிட்டால் இரண்டு டியூபிலும் தண்ணீர் தொட்டி மட்டத்துக்கே ஏறி நிற்கும். அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. அப்புறம் அடுப்படிக் குழாயை முழுக்கத் திறந்தால், கோட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் அதுவரையிலான அழுத்த இழப்பு. தரை மேடு பள்ளம் எதையும் அளக்க வேண்டாம், இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முன் டியூபில் 40 செ.மீ. இறங்கியது. பின் டியூபில் 3.4 மீட்டர். ஆக, நடுவில் உள்ள 40 மீட்டர் பைப் மட்டும் 3 மீட்டர் அழுத்த உயரத்தை, அதாவது 3 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தை, தின்கிறது. தொட்டியின் நீர்மட்டமே அடுப்படிக் குழாய்க்கு மேல் 4 மீட்டர்தான். 15 லிட்டர் வாளி நிரம்ப 75 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர்.

இனி கணக்கு. குழாய் உராய்வுக்கான டார்சி-வைஸ்பாக் சமன்பாட்டில் இழப்பு என்பது உராய்வுக் கெழு, நீளத்தை விட்டத்தால் வகுத்தது, வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தது, இம்மூன்றின் பெருக்கல். கெழுதான் சிக்கல். 1939-இல் கோல்புரூக் தந்த சூத்திரத்தில் அது சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வரும். திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடை காண வேண்டும். 1983-இல் ஹாலண்ட் தந்த வடிவம் ஒரே வரியில் விடை தரும், எக்ஸெலுக்கு அதுவே போதும். உள்ளே கொடுக்க வேண்டியவை ரெனால்ட்ஸ் எண்ணும் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையால் வகுத்தது), உட்சுவரின் சொரசொரப்பை விட்டத்தால் வகுத்த எண்ணும்.

ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) அது. உள் விட்டம் 25 மி.மீ., புதுப் பைப்பின் சொரசொரப்பு 0.15 மி.மீ. என்று போட்டால் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால்தான் 3 மீட்டர் இழப்பு வருகிறது. நமக்கு ஓடுவதோ 12. சரி, துருப்பிடித்துச் சொரசொரப்பு கூடியிருக்கும் என்று அந்த எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போனேன். கணக்கு ஒத்துவர 8 மி.மீ. தேவைப்பட்டது! 25 மி.மீ. துளைக்குள் 8 மி.மீ. மேடு என்றால் அதைச் சொரசொரப்பு என்று சொல்லவே முடியாது. 1944-இல் மூடி (Moody) என்பவர் வெளியிட்ட உராய்வுக் கெழு வரைபடமே, சொரசொரப்பு விட்டத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற விகிதத்தோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் துளையே சுருங்கியிருக்க வேண்டும். ஒரே ஓட்டத்துக்கு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் இழப்பு மாறுவதால், 25 என்பது 20 ஆனாலே இழப்பு மும்மடங்கு. விட்டம் 20, சொரசொரப்பு 1 மி.மீ. என்று போட்டதும் 12 லிட்டருக்கு 3.02 மீட்டர் வந்தது.

ஆனால் வேறு ஜோடி எண்களும் இதே விடையைத் தரும். விட்டம் 19-உம் 1 மி.மீ.யைவிடக் குறைந்த சொரசொரப்பும்கூடப் பொருந்தும். அளந்த ஓர் எண்ணிலிருந்து அறியாத இரண்டைப் பிரித்தெடுக்க வழியில்லை. பைப்பை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

பிளம்பர் அண்ணன் இரண்டாங்கட்டில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். உள்ளே போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து, அதன்மேல் துரு பழுப்பு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. விரலை விட்டுச் சுற்றினால் சுரசுரவென்று அரத்தைத் தொட்டதுபோல் உறுத்தியது. வெர்னியர் காலிபரை இங்கும் அங்குமாகத் திருப்பி வைத்துப் பார்த்ததில், 20-ஐ ஒட்டியே காட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, "பைப்பு போச்சேன்னு ஆச்சி கவலப்படுறாங்க, நீங்க என்ன தம்பி சிரிக்கிறீங்க" என்றார் அவர்.

மாற்றுவதென்று முடிவானதும் கேள்வி இதுதான்: பி.வி.சி.யில் 25 மி.மீ.-ஆ, 32 மி.மீ.-ஆ? 30 லிட்டர் ஓட்டத்துக்கு 25-இல் இழப்பு 1.96 மீட்டர், 32-இல் 0.60 மட்டுமே. பி.வி.சி.யின் சொரசொரப்பு 0.0015 மி.மீ.தான். அந்த ஓட்டத்தில் சுவரை ஒட்டிய, பாகுத்தன்மை ஆளுகிற தண்ணீரின் மென்படலமே 0.07 மி.மீ. தடிமன் இருக்கும். மேடெல்லாம் அதற்குள் மூழ்கிவிடுவதால் பி.வி.சி. வழவழப்பான குழாயாகவே நடந்துகொள்கிறது. ஜி.ஐ.யின் 0.15 மி.மீ. மேடுகள் அந்தப் படலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இழப்பை மட்டும் பார்த்தால் 32-தான் என்று தோன்றும். முன்பகுதி இழப்பையும் அடுப்படிக் குழாயின் இழப்பையும் சேர்த்து முழு 4 மீட்டருக்குத் தீர்த்தால் கதை வேறு: 25-க்கு 21 லிட்டர், 32-க்கு 23. இரண்டே லிட்டர் வித்தியாசம். நடுப்பைப் சரியானதும் நெருக்கடி மற்ற இரண்டு இடங்களுக்கு நகர்ந்துவிடுகிறது. 25-ஏ போட்டோம்.

புதுப் பைப்பில் வாளி நிரம்ப 43 விநாடி ஆகும் என்றது கணக்கு. ஆனது 44.

இப்போது அதிகம் தின்பது அடுப்படியில் இருக்கும் பழைய பித்தளைக் குழாய்தான், கணக்குப்படி 1.8 மீட்டர். அதையும் தொட்டியடி வால்வையும் தனித்தனியே டியூப் வைத்து அளந்து, ஒவ்வொன்றின் இழப்புக் கெழுவையும் எடுப்பதுதான் அடுத்த வேலை.