பச்சை ஜிடிஓ விற்பனைக்கு

ஜூன் 2, 2024, ஞாயிறு. ராயல் ஓக், மிஷிகன்

விளம்பரம் போட்டாயிற்று. 1968 பான்டியாக் ஜிடிஓ, இரண்டு கதவு ஹார்ட்டாப் (பக்கவாட்டு ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாதது), வெர்டோரோ கிரீன் நிறம், 400 கன அங்குல வி8, ஆட்டோமேட்டிக் கியர். முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த வண்டி. கேட்கும் விலை 46,000 டாலர். புதிதாக ஷோரூமில் நின்றபோது ஆப்ஷன் எதுவும் சேர்க்காமல் 3,100 டாலர் சொச்சம்தான்.

விற்கப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. செப்டம்பரில் குடிபோகிற வீட்டில் ஒரு வண்டி மட்டும் நிற்கிற கராஜ். குளிர்காலம் வந்தால் இங்கே சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். இதை வெளியே விட மனசு வராது.

இன்ஜின் விஷயத்தை விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்: இது வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜின் இல்லை, அதனால் மதிப்பு குறையும். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது போட்ட பில்லின் நகலை அனுப்புவார்கள். அதன்படி என் வண்டி ஆட்டோமேட்டிக். அந்த ஆண்டு ஆட்டோமேட்டிக் ஜிடிஓவில் வந்த சாதாரண இன்ஜினுக்கு ஒய்எஸ் என்று குறியீடு. இப்போது உள்ளே இருக்கும் பிளாக்கில் டபிள்யூடி என்று குத்தியிருக்கிறது. அதே 1968, அதே 400, அதே 350 குதிரைத்திறன். ஆனால் மேனுவல் கியர் வண்டிக்கானது. பக்கத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வேறு ஏதோ ஒரு ஜிடிஓவுடையது.

இதை மறைத்து விற்கலாம்தான். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கலாம். எனக்கு அது சரிப்படாது.

ஜூன் 8, சனி

ஃபோன் ஓயவில்லை. ஒருவர் 22,000 என்றார், அடிமாட்டு விலை. ஒருவர் மோட்டார் படகு தருகிறாராம், மேலே கொஞ்சம் பணமும். இன்னொருவர் வண்டியைப் பார்க்கவே வேண்டாம், கேட்ட விலைக்கு மேலேயே செக் அனுப்புகிறேன், மிச்சத்தை ஏற்றிச் செல்ல வரும் லாரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். செக் திரும்பும், நான் கொடுத்த பணம் திரும்பாது. அழைப்பைத் துண்டித்தேன்.

ஜூன் 20, வியாழன்

சாயங்காலம் ஒரு இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். முதல் கேள்வியே, “இது நிஜ ஜிடிஓதானா?”

நல்ல கேள்வி. முன் கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் மேலே இருக்கும் தகட்டைக் காட்டினேன். 242378பி என்று தொடங்கும். 242 என்றால் ஜிடிஓ, 37 என்றால் ஹார்ட்டாப், 8 என்றால் 1968. பி என்பது பான்டியாக் நகரத் தொழிற்சாலை, இங்கிருந்து உட்வர்ட் அவென்யூவில் சில மைல் வடக்கே போனால் வரும் ஊர். 1964, 65 வண்டிகளில் இப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது ஜிடிஓ என்பது டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷன் மட்டும்தான். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. தனி மாடலாகக் கொண்டுவந்தால் மேலிடம் தடுத்துவிடும் என்று பான்டியாக்கின் தலைமை இன்ஜினியர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல இன்ஜினை ஆப்ஷன் என்ற பெயரில் உள்ளே நுழைத்தார்கள். அந்தக் குறுக்கு வழியால்தான் இன்றுவரை சாதா லெமான்ஸில் ஜிடிஓ பேட்ஜ் ஒட்டி விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள். 1966-லிருந்து தனி எண் வந்துவிட்டது.

பையன் ஆர்வமாகக் கேட்டான். ஓட்டவும் கொடுத்தேன். முதல் சிக்னலிலேயே முகம் மாறிவிட்டது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இன்றைய காரில் பழகிய காலுக்கு இது நிற்கிறதா, யோசிக்கிறதா என்றே தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். சொல்லமாட்டான்.

ஜூலை 6, சனி

இன்று வந்தவர் விஷயம் தெரிந்தவர். கையில் டார்ச், நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி, பெயின்ட் கனம் அளக்கிற கருவி. வணக்கம் சொன்னதோடு சரி, அப்புறம் அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை, வண்டியிடம்தான் பேசினார்.

இந்த ரகக் கார்கள் எங்கே அழுகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: பின் கண்ணாடிக்குக் கீழே, டிக்கியின் தரை, பின் சக்கரத்துக்கு மேலும் பின்னும் இருக்கும் தகடு, முன் ஃபெண்டரின் அடிப்பாகம். பட்டி வைத்து மெழுகி மேலே நல்ல பெயின்ட் அடித்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கருவி காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் டிக்கித் தரையும் பின் தகடுகளின் கீழ்ப்பாதியும் புது இரும்பு வெட்டி வைத்துப் பற்றவைத்தவை. வேலை நடக்கும்போது எடுத்த படங்களைக் கொடுத்தேன். பிரைமர் அடிக்கும் முன் வெறும் இரும்பாக இருக்கும் படங்களை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் பரப்பினார். மற்றதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதுப்பித்த காரில் பளபளப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி என்பதுதான் கேள்வி.

அப்புறம் முன் பம்பரிடம் குனிந்தார். 1968 ஜிடிஓவின் பெருமையே அதுதான். குரோம் கிடையாது, எண்டுரா என்ற நெகிழ்வான பொருளைப் போர்த்தி பாடி நிறத்திலேயே பெயின்ட் அடித்தது. கம்பியால் அடித்தாலும் நசுங்காது என்று விளம்பரத்தில் அடித்தே காட்டினார்கள். பெயின்டரைக் கேட்டால் திட்டுவார். இரும்பின் மேல் அடிப்பதையே அடித்தால் வெடித்துவிடும், நெகிழ்வுக்கு ஒன்றைக் கலக்க வேண்டும், கலந்தால் நிறம் ஒரு இழை மாறும். நிழலில் நிறுத்தினால் என் வண்டியிலும் தெரியும். அவர் வெயிலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

கடைசியில் இன்ஜின். டைமிங் கவருக்குப் பக்கத்தில் டார்ச் அடித்து எண்ணைப் படித்தார். விளம்பரத்தில் எழுதியதுதான், ஆனாலும் படித்தார். “35,000” என்றார். “ஒய்எஸ் இருந்திருந்தால் கேட்ட விலையைக் கொடுத்திருப்பேன்.”

முடியாது என்றேன். கைகொடுத்துவிட்டுப் போனார். மரியாதையான மனிதர், ஆனால் ராத்திரி முழுக்க எரிச்சலாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

கேன்டனிலிருந்து நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து கராஜில் நின்றோம். “அண்ணே, இதுக்கா கவலைப்படறீங்க? பழைய நம்பரை இழைச்சு எடுத்துட்டு வேற நம்பர் குத்தித் தர ஆள் இருக்காம். ஆயிரம் டாலர் செலவு, பத்தாயிரம் ஏறும்” என்றார்.

ஆள் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் சீவிய பரப்பில் நேர்நேராக மெல்லிய கோடுகள் இருக்கும், மறுபடி இழைத்தால் அது போய்விடும். பிடிபடாவிட்டாலும் அது மோசடிதான். வேண்டாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஆனால் அவர் போன பிறகும் மனசு அதிலேயே நின்றது. இந்தக் காரை எதற்காகச் செய்தார்கள்? சனிக்கிழமை ராத்திரி உட்வர்ட் அவென்யூவில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விட. டெட்ராய்ட் இன்ஜினியர்களே புது வண்டிகளை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்த காலம். அப்படி ஓட்டினால் இன்ஜின் போகும், வேறு இன்ஜின் மாட்டுவார்கள். இந்த வண்டிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஓட்டுவதற்கென்றே செய்த காரில், ஓட்டாமல் வைத்திருந்தவனுக்குத்தான் இன்று கூடுதல் விலை! ஏலங்களில் லட்சக்கணக்கில் போகிற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

ஆகஸ்ட் 17, சனி

உட்வர்ட் டிரீம் குரூஸ். 1995-ல் ஃபெர்ன்டேலில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்க நிதி திரட்ட ஆரம்பித்தது, இப்போது பான்டியாக் வரைக்கும் சாலை முழுக்கப் பழைய கார்கள். என் வண்டியில் இருப்பது மிஷிகனின் ஹிஸ்டாரிக் பிளேட், பழைய கார்களுக்கான நம்பர் பிளேட். மற்ற மாதங்களில் கண்காட்சி, கிளப் கூட்டம் என்று காரணம் வேண்டும், ஆகஸ்டில் மட்டும் எந்தக் காரணமும் இல்லாமல் ஓட்டலாம்.

ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ அட்டை வைத்தேன். பானெட்டின் மேலே வெளியில் துருத்திக்கொண்டிருக்கும் டாக்கோமீட்டரை, அதாவது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டரைப் படம் எடுக்காத ஆள் இல்லை. ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. தாத்தா நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்து, “மைலேஜ் எவ்வளவு தம்பி குடுக்கும்?” என்றார். “லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் ஐயா, அதுவும் மெதுவாப் போனா.” அவர் முகத்தில் வந்த பரிதாபம் வண்டிக்கா எனக்கா தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பெண்மணி வந்தார். ஒஹையோவின் டொலீடோவில் பள்ளியில் ஆட்டோ மெக்கானிக் பாடம் நடத்துகிறாராம். இன்ஜின் கதையை நான் சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார். “அப்படியானால் பயமில்லாமல் ஓட்டலாம். அசல் இன்ஜின் என்றால் தொடவே கை நடுங்கும்.” அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 24, சனி

வந்தார். தரையில் படுத்து அடியில் பார்த்தார், குளிர்ந்த இன்ஜினைத் தானே ஸ்டார்ட் செய்தார், பதினைந்து மைல் ஓட்டினார். டிரம் பிரேக்கைப் பற்றிக் கேட்டதற்கு, முன்னால் டிஸ்க் மாட்டிக்கொள்வேன், என் மாணவர்களுக்கு ஒரு வேலையாயிற்று என்றார். அசல் நம்பர் பார்த்து வாங்குகிறவர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

40,000 என்றார். நான் 43,000 என்றேன். 41,500-க்கு முடிந்தது. பெயின்டுக்கும் உதிரிகளுக்கும் நான் கொட்டியதைக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான், அது வண்டியைப் பிரித்த அன்றே தெரியும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அவருடைய வங்கியின் கிளையிலேயே வைத்துச் செக்கை வாங்கினேன். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிளேட் என் பெயரில் இருப்பது, அதைக் கழற்றிக்கொண்டேன். படங்கள், பில்கள், பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் காகிதம் எல்லாம் ஒரு பெட்டியில். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இன்ஷூரன்ஸை ரத்து செய்ய ஃபோனில் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ராத்திரி அவரிடமிருந்து செய்தி: டேங்க்கில் என்ன பெட்ரோல் இருக்கிறது? 93 ஆக்டேன் மட்டும் போடுங்கள், கம்ப்ரெஷன் 10.75, ஆக்டேன் அதற்குக் கீழே போனால் இன்ஜின் தட்டும் என்று பதில் போட்டேன். டொலீடோவில் 93 எந்த பங்கில் கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குக் கூகுளைக் கேளுங்கள் என்றேன்.