காபிக்கு முன் ஒரு மணி நேரம்

ஏப்ரல் 29

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்து இன்றோடு ஏழு வாரம். தழும்பு சங்கிலிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 11.2. உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் அளவு அது. புற்றுநோய்க் கட்டி என்பதால் எனக்கு அது இரண்டைத் தாண்டக்கூடாதாம். மலச்சிக்கல், மே வெயிலுக்கு முன்னாலேயே ஊர் வேகும்போது எனக்கு மட்டும் குளிர், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

சுரப்பி இல்லாததால் அந்த ஹார்மோனை தினமும் மாத்திரையாகப் போட வேண்டும். எடை 62 கிலோ, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் மருத்துவர் முதலில் 100 மைக்ரோகிராம் எழுதியிருந்தார். இன்று அது 125 ஆயிற்று.

“வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள்?”

“ஆமாம் டாக்டர்.”

அரைப் பொய். மாத்திரை இறங்குவது வெறும் வயிற்றில்தான். அடுத்த நிமிடமே பின்னால் டிகாஷன் காபியும் இறங்கிவிடும். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் விடிந்ததும் ஒரு மணி நேரம் காபி இல்லாமல் இரு என்றால்? போதாததற்கு, இட்லி சாப்பிட்ட கையோடு கால்சியம் மாத்திரையும்.

மே 2

குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. இன்றிலிருந்து ஒழுங்கு. ஐந்தரைக்குத் தண்ணீரோடு மாத்திரை, ஆறரைக்குக் காபி. கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவு ஒன்று. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கால்சியம் அந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியத்தை விடவும் முடியாது. ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள், அரிசி அளவில் நான்கு; அவை அறுவை சிகிச்சையில் சற்று அதிர்ந்துபோயின. கால்சியம் குறைந்து முதல் வாரம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த நினைவு இன்னும் போகவில்லை.

மே 10

காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் நெடுந்தூரப் பஸ் பயணம் மாதிரி. மகள் துணைக்கு உட்கார்ந்து எதையாவது படித்துச் சொல்கிறாள். 1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கில மருத்துவர், தைராய்டு சுரக்காத ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினாராம். பிறகு அதையே வாய்வழி கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்மணி 1919 வரை வாழ்ந்தார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயினவாம். “உனக்கு ஒரு டம்ளர் காபி தள்ளிப்போவதற்கே இவ்வளவு புலம்பல்!” என்றாள் மகள். பதில் சொல்ல வாயில் காபி இல்லை.

ஜூன் 8

பள்ளி திறந்துவிட்டது. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கி ‘ழ’வின் வால் எங்கோ போனது. முன்வரிசைப் பையன் சிரித்தான். படிகூட ஏறவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு 112. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்” என்றார்.

ஜூன் 11

டிஎஸ்எச் 0.06. நேர் எதிர்ப் பக்கம்.

“125 உங்களுக்கு இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்கக்கூடாதே. வேறு எதை மாற்றினீர்கள்?”

ஏப்ரலில் விழுங்கிய பாதிப் பொய்யைத் துப்பினேன். அவர் திட்டவில்லை, பேனாவைக் கீழே வைத்தார். அது திட்டுவதைவிட மோசம். நான் அன்றே காபியைச் சொல்லியிருந்தால் அளவைக் கூட்டியிருக்கவே மாட்டார். அளவு ஒரு பக்கம் ஏறியது, உடம்புக்குள் போய்ச் சேர்வது இன்னொரு பக்கம் ஏறியது; நடுவில் மாட்டிக்கொண்டது என் இதயம். மறுபடி 100.

ஜூன் 16

ஐந்து நாளாகிவிட்டது, படபடப்பு முழுதாகப் போகவில்லை. போன் செய்து கேட்டேன். இந்த ஹார்மோனில் பாதி கழியவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகுமாம். உடம்பு புது அளவில் நிலைகொள்ள ஆறு வாரம். அதற்குள் ரத்தம் எடுத்தால் பணம்தான் தண்டம். படபடப்புக் கூடினாலோ மார்பு வலித்தாலோ மட்டும் உடனே வரச் சொன்னார்.

ஜூலை 30

டிஎஸ்எச் 1.4.

நாடி 76. நேற்றிரவு ஒரே தூக்கம். மார்ச்சில் எழுதிக் கொடுத்த அதே 100, அதே அட்டைப் பெட்டி. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.

கிளம்பும்போது மருத்துவர் கேட்டார்: “காபி?”

“ஆறரைக்கு, டாக்டர். இன்று ஆறு முப்பத்தைந்து.”